பிரேசில் வழியாகச் சீனாவுக்கு: ஒரு கப்பலும் காற்றின் கால அட்டவணையும்

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரம் 2005 அக்டோபரில் சீனாவுக்கு அனுப்பிய மரக்கப்பலைப் பற்றி முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட கப்பல் பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தில் என்ன செய்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாய்க்கப்பலுக்கு அதுதான் வழி.

பின்னணி சுருக்கமானது. ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1731இல் அந்நகரில் தொடங்கப்பட்டது. நகரின் பெயரையே தாங்கிய அதன் கப்பல் ஒன்று, இன்று குவாங்சோ எனப்படும் கான்டனிலிருந்து தேயிலையும் பீங்கானும் பட்டும் ஏற்றிக்கொண்டு 1745 செப்டம்பர் 12 அன்று திரும்பி வந்தபோது, ஊர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் பாறையில் மோதி மூழ்கியது. 1980களில் நடந்த கடலடி அகழாய்வு, அதைப் போலவே ஒரு கப்பலைக் கட்டும் எண்ணத்துக்கு வித்திட்டது. 1970களில் கப்பல்கட்டும் தொழிலைத் தாக்கிய நெருக்கடியில் மூடப்பட்டு, பின்னர் குடியிருப்புகளும் விடுதியும் எழுந்த எரிக்ஸ்பெர்க் கப்பல்தளப் பகுதியில்தான் அந்தப் புதிய கப்பல் உருவானது. நலிந்த தொழில்நகரம் தன் புதிய முகத்தைச் சீனர்களிடம் காட்ட விரும்பியது. அதற்குக் கண்காட்சி அரங்கு எதையும் தேடாமல், கப்பலையே கண்காட்சியாக்கிக் கொண்டது.

இத்தகைய கப்பலில் பாய்கள் பருமல் என்னும் குறுக்குக் கட்டையிலிருந்து தொங்குகின்றன. பருமலின் இரு முனைகளிலும் கட்டிய கயிறுகளை இழுத்து அதைத் திருப்பலாம். ஆனால் ஓரளவுக்கு மேல் திருப்பினால், பாய்மரத்தை விழாமல் தாங்கும் பக்கவாட்டுக் கயிறுகளில் போய் முட்டிவிடும். ஆகவே, காற்று வரும் திசையிலிருந்து குறைந்தது 60 பாகையாவது விலகித்தான் கப்பல் செல்ல முடியும். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேறுவது பெரும்பாடு என்பதால், மாலுமிகள் பின்காற்று கிடைக்கும் பாதையையே தேடினார்கள். ஸ்பெயினின் காதிஸிலிருந்து வடகிழக்கு வணிகக்காற்று, அதாவது வெப்பமண்டலக் கடல்களில் வடகிழக்கிலிருந்து நிலையாக வீசும் காற்று, கப்பலைப் பிரேசில் பக்கம் தள்ளும். அங்கிருந்து தென் அட்லாண்டிக்கின் உயர் அழுத்தப் பகுதியைச் சுற்றித் தெற்கே இறங்கினால், மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று கிடைக்கும். அது ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்தும் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பின் வருகிறது. ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வடக்கே திரும்பும் கப்பலைத் தென்கிழக்கு வணிகக்காற்று ஜாவா வரை கொண்டுவருகிறது. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறி, அங்கு அழுத்தம் குறைவதால், இதே காற்று நிலநடுக்கோட்டையும் தாண்டி வடக்கே இழுக்கப்படுகிறது. புவிச்சுழற்சியின் விளைவாகத் தெற்கு அரைக்கோளத்தில் இடப்பக்கம் விலகிய காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் விலகத் தொடங்கி, நாம் நன்கறிந்த தென்மேற்குப் பருவக்காற்றாக மாறுகிறது. கப்பலும் காற்றும் சேர்ந்தே நிலநடுக்கோட்டைக் கடக்கின்றன. கடந்தபின் தென்சீனக் கடலில் அக்காற்று கான்டனை நோக்கியே வீசுகிறது. குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்து அழுத்தம் உயர்ந்துவிட்டால், அதே கடலில் காற்று வடகிழக்கிலிருந்து எதிரே வரும். 1743இல் புறப்பட்ட பழைய கப்பல் வழியில் தாமதமானதால் இந்தப் பருவத்தைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டுக் காற்றுக்காக ஜாவாவில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது.

சீழ்க்கையடித்தால் காற்று வரும் என்று ஐரோப்பிய மாலுமிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. எனினும் கம்பெனிகள் பயணங்களைத் திட்டமிட்டது சீழ்க்கையை நம்பியல்ல, முன்சென்ற கப்பல்களின் பதிவேடுகளை நம்பியே. அந்நூற்றாண்டின் கப்பல் பதிவேடுகளிலிருந்து காலநிலை ஆய்வாளர்கள் இன்று பழைய காற்றுகளைக் கணித்தெடுக்கிறார்கள். நகரங்கள் விளம்பரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்காவது அந்தப் பணிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

புதிய கப்பலில் இரண்டு வோல்வோ பென்டா எஞ்சின்கள் இருந்தன. அந்த நிறுவனமும் கோத்தன்பர்க்கைச் சேர்ந்ததே. ஆயினும், கப்பல் குவாங்சோவை அடைந்தது 2006 ஜூலையில், அதாவது தென்மேற்குக் காற்றின் உச்சக் காலத்தில். ஸ்வீடன் மன்னரும் அரசியும் அங்கு வந்து வரவேற்றனர். திரும்பும் வழியில் சென்னைத் துறைமுகத்திலும் நின்ற அந்தக் கப்பல் 2007 ஜூனில் ஊர் சேர்ந்தபோது, சீன அதிபர் ஹூ ஜின்டாவ் கோத்தன்பர்க்குக்கு வந்திருந்தார். எந்தக் கண்காட்சி அரங்கும் அந்த நகரத்துக்கு அத்தகைய விருந்தாளியை அழைத்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.