குளத்துச் சூடும் மீனின் வளர்த்தியும்

குளத்து மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வழி இல்லை. தண்ணீர் 24 பாகை செல்சியஸ் என்றால், அதன் ஈரலும் குடலும் ஏறத்தாழ 24 பாகையில்தான் இருக்கும். தீனியைச் செரிக்க வைக்கும் நொதியங்களின் வேகத்தையும் அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது. 10 பாகை கூடினால் உடலின் இயக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் வாடைக்காற்று வீசும் மார்கழியில் தீனியைப் பாதியில் விட்டுவிடும் திலாப்பியா, பங்குனியில் போட்டதெல்லாம் தின்கிறது. அது நன்றாக வளர்வது 27 முதல் 31 பாகை வரையிலான நீரில். 16 பாகைக்குக் கீழே தின்பதை நிறுத்திவிடும். 10 பாகையை நெருங்கினால் செத்துப்போகும்.

வன்னிக் குளங்கள் அவ்வளவு குளிர்வதில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் இங்கே எத்தனையோ மாடுகள் செத்தன. ஆனால் காற்றைப்போல் தண்ணீர் சட்டென்று குளிராது. ஆழமான குளத்தில் ஓர் இரவுக் குளிர் சில பாகையைக்கூட இறக்காது.

எங்களுக்குப் பெரிய சிக்கல் கோடைதான். 20 பாகை நீர் ஒரு லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் அது 7.5 ஆகிவிடும். அதே சூட்டில் மீனுக்குத் தேவையான ஒட்சிசனோ கூடுகிறது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி முழங்காலளவு நீர் நிற்கும்போது இதை நேரிலேயே பார்க்கலாம். பகலில் ஒட்சிசன் தந்த பாசி, இரவில் தானும் அதை எடுத்துக்கொள்ளும். விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்து அந்த நேரத்தில் தீனி போடக் கூடாது. செரிப்பதற்கும் ஒட்சிசன் வேண்டும். மிஞ்சிய தீனி அழுகினால் அதற்கும் வேண்டும். போதாததற்கு, கழிவில் வரும் அமோனியாவும் சூடான நீரில் கூடுதல் நஞ்சாகிறது. நன்றாக வெயில் ஏறிய பிறகு போடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் புதிதாகக் குளம் வெட்டுபவர்கள் ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஆழம் வையுங்கள். அடியில் கொஞ்சமாவது குளிர்ந்த நீர் நிற்கும்.

சரி, இனப்பெருக்கம்? நீர் 22, 24 பாகையைத் தாண்டினால் திலாப்பியா முட்டையிடத் தொடங்கும். அப்படியென்றால் வன்னியில் ஆண்டின் பெரும்பகுதியும் அதற்குப் பருவம்தான். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் நாட்களில் ஏறக்குறைய பட்டினி கிடக்கும். தசையாக வேண்டிய சத்து முட்டைக்குப் போகிறது. குஞ்சுகள் பெருகித் தீனிக்குப் போட்டியிட, குளம் முழுக்க உள்ளங்கை அளவு மீனாக நின்றுவிடும். ஆண்மீன்களை மட்டும் வளர்ப்பது இதற்காகத்தான்.

இதில் வியப்பான ஒன்று இருக்கிறது. நைல் திலாப்பியாக் குஞ்சுகளை முதல் வாரங்களில் 36 பாகை அளவு நீரில் வைத்தால், மரபுப்படி பெண்ணாக வேண்டிய சிலவும் ஆணாகிவிடும். பெண் ஓமோனை உண்டாக்கும் நொதியம் அந்தச் சூட்டில் மட்டுப்படுகிறது. ஆனால் எல்லாத் தாய்மீன்களின் குஞ்சுகளும் ஒரேமாதிரி மாறுவதில்லை, கூடவே சாவும் ஊனமும் வரும். பண்ணைக்கு இதை நம்ப முடியாது.

கட்லா, ரோகு, மிரிகால் என்ற இந்தியக் கெண்டை மீன்கள் வேறு வகை. சூடு சரியாக இருந்து முட்டை முதிர்ந்தாலும், மழைவெள்ளம் பாயும் ஆறு இல்லாமல் அவை முட்டையிடா. 1957இல் இந்திய ஆய்வாளர்கள் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். நீர் 28 பாகையில் இருந்தால் ஒரு நாளுக்குள் குஞ்சு பொரித்துவிடும். எங்கள் குளங்களுக்கு அந்தக் குஞ்சுகளை வாங்கித்தான் விடவேண்டும். விடும்போது பையை அவிழ்க்காமல் குளத்தில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாங்களாகவே வெளியே நீந்தும்படி விடுங்கள்.