வீட்டுக் காற்றுக்கும் வரம்பு உண்டு

தொழிற்சாலைப் புகைக்கும் வண்டிப் புகைக்கும் வரம்பு இருப்பது தெரிந்ததுதான். வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட காற்றுத்தர வழிகாட்டுதல்கள் வெளிக்காற்று, வீட்டுக்குள் உள்ள காற்று இரண்டுக்குமே பொருந்தும். ஆனால் இது சட்டம் இல்லை. ஒரு நாடு தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டால்தான் அங்கே கட்டாயம். அப்படிச் சேர்த்தாலும் தினமும் உங்கள் சமையலறைக்கு வந்து யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. அந்த வேலை நம்முடையதுதான்.

முதலில் கவனிக்க வேண்டியது பிஎம் 2.5 என்னும் நுண்துகள். ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. 24 மணி நேரச் சராசரி 15-ஐத் தாண்டக்கூடாது. இந்த நாள் வரம்பை வருடத்தில் மூன்று நான்கு நாள் மீறலாம் என்று சலுகையும் உண்டு. 2005-ல் ஆண்டு வரம்பு 10 ஆக இருந்தது, அதைப் பாதியாக்கிவிட்டார்கள்.

குழப்பம் வருவது இந்த 'சராசரி'யில்தான். அடுப்புப் பக்கத்தில் இந்தத் துகளை அளக்கும் மீட்டரை வைத்திருக்கிறீர்கள். எண்ணெய் காய்ந்து புகை கிளம்புகிறது, திரையில் 240 என்று வருகிறது. பதற வேண்டாம், அது அந்த நிமிடத்து அளவு. சரி, அதற்காக விட்டுவிடலாமா என்றால் அதுவும் இல்லை. அந்த 240 ஒரு மணி நேரம் நீடித்து, மீதி 23 மணி நேரமும் காற்று வெறும் 5-லேயே இருந்தாலும் நாள் சராசரி கிட்டத்தட்ட 15 வந்துவிடும். ஒரு வேளைச் சமையலிலேயே நாள் கணக்கு தீர்ந்துபோகிறது. எண்ணெய் காய்வதற்கு முன்பே ஜன்னலைத் திறப்பதும், புகைபோக்கி விசிறியைப் போடுவதும் இதற்காகத்தான்.

எரிபொருளுக்கென்று 2014-ல் தனி வழிகாட்டுதல் வந்தது. பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டில் எரிக்கவே கூடாது. மண்ணெண்ணெயையும் தவிர்க்கச் சொல்கிறது.

எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு விஷயத்தில் நாள் சராசரி மட்டும் போதாது. நாள் முழுவதற்கும் கனமீட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால், 8 மணி நேரத்துக்கு 10, ஒரு மணி நேரத்துக்கு 35, கால் மணி நேரத்துக்கு 100 என்று வரம்பைப் பிரித்திருக்கிறார்கள், ஏனென்றால் இது சீக்கிரமே ஆளைச் சாய்த்துவிடும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதன் வடிகட்டி துகளைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. எரியும் சாதனம் எதுவாவது வீட்டில் இருந்தால், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதற்கென்றே உள்ள அலாரம் ஒன்றை மாட்டுங்கள்.