ஃப்ளோ: ஓட்டமா, ஆழ்வா?

‘ஒரு ஃப்ளோல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க’ என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்பதுதான். கல்வி உளவியலில் அதே சொல்லின் பொருள் கிட்டத்தட்ட நேர்மாறு. செய்கிற வேலையில் புத்தி முழுக்க இறங்கி, நேரம் போவதும் பசிப்பதும் தெரியாமல் இருக்கும் நிலை அது.

இந்தப் பொருளில் சொல்லை நிலைநிறுத்தியவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி (1934–2021) என்ற ஹங்கேரிய அமெரிக்க உளவியலாளர். மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடமும் அவர் 1970களில் பேசினார். தண்ணீர் தங்களை இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது என்று பலர் சொன்னதால் அந்தப் பெயர். இந்த நிலை வர, வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும். வேலை மிக எளிதென்றால் சலிப்பு, மிகக் கடினமென்றால் பதற்றம்.

மீத்திறன், அதாவது வயதை மீறிய திறமை, உள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் நேர்வது பெரும்பாலும் அந்தச் சலிப்புதான். போன விடுமுறைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. ‘வகுப்பில் கவனம் இல்லை’ என்று எழுதிய மதிப்பெண் அட்டை அலமாரியில் இருந்தது. பையனோ முந்தின நாள் மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்துவிட்டு வந்து, கொல்லையில் தானே ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீர் போகிற பாலம் அது. இவனுக்குத் தூண் மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு, தொட்டி வாழைப்பட்டை.

செம்பில் தண்ணீர் எடுத்து ஒரு முனையில் ஊற்றினான். மூன்றாவது பட்டை சேருகிற இடத்தில் ஒழுகியது. பட்டையை மாற்றிப் போடாமல், கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, சரிவை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். நடுத்தூணை ஒரு விரற்கடை மண்ணுக்குள் அழுத்தினான். மறுபடி செம்பு. இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மதினி அடுக்களையிலிருந்து, “எத்தன தடவ கூப்பிடுதேன் மக்கா? என்னத்துக்குப் போட்டு இப்படி மினக்கெடுதே?” என்று கத்தியது அவன் காதில் விழவே இல்லை.

‘மினக்கெடு’ என்பது வினைகெடு என்பதன் பேச்சுவடிவம். வானம் மானம் ஆவதும், விழி முழி ஆவதும் போல வகரம் மகரமாகியிருக்கிறது. வேறு வேலைகள் கெட்டுப்போக ஒன்றிலேயே கிடப்பது. திட்டவும் இந்தச் சொல்தான், ‘மினக்கெட்டுச் செய்திருக்கான்’ என்று பாராட்டவும் இதே சொல்தான். உளவியல் சொல்லும் நிலையின் வெளித்தோற்றத்தை இதைவிடச் சரியாகப் பிடித்த சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே நடப்பதை இது சொல்லாது.

அதற்கு என்ன சொல்? ஓட்டம், பாய்வு என்று நேராக மொழிபெயர்த்தால் வேகம்தான் மனதில் வரும். லயிப்பு அழகான சொல்தான். ஒட்டுதல், கரைதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆனால் பாட்டுக் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் அது பொருந்தும். அந்தப் பையன் சும்மா இல்லையே! நான் ‘ஆழ்வு’ என்பேன். பக்தியில் ஆழ்ந்தவர் ஆழ்வார். நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரம் நம்மாழ்வாரின் தாயார் பிறந்த ஊர் என்பார்கள். கண்ணனின் எளிமையை நினைத்து ‘எத்திறம்’ (இது என்ன தன்மை!) என்று சொன்ன நம்மாழ்வார் ஆறு மாதம் தன்னை மறந்து கிடந்தார் என்பது வைணவ மரபு. வேர் நம்மிடம் இருக்கிறது, எடுத்துப் புழங்கினால் போதும்.

ஆழ்வையும் ஈடுபாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈடுபாடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்பது. ஆழ்வு அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது. ஆனால் முதலாவதற்குத் தீனி போடுவது இரண்டாவதுதான். சிக்சென்ட்மிஹாயி இன்னும் இருவரோடு சேர்ந்து, திறமைமிக்க பதின்பருவத்தினர் சுமார் 200 பேரிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். 1993இல் முடிவுகள் நூலாக வந்தன. தங்கள் துறையில் இப்படி ஆழ்ந்துபோகிறவர்களே அதைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். எலன் வின்னர் என்ற உளவியலாளர் மீத்திறன் குழந்தைகளின் அடையாளங்களில் ஒன்றாகவே இதைச் சொல்கிறார். ‘கற்றே தீரும் வெறி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

கைபேசியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாதுதான். அங்கே திறமைக்கு வேலை இல்லை, ஒழுகுகிற மூன்றாவது பட்டையும் இல்லை. அதை ஆழ்வு என்று சொல்ல மாட்டேன்.

மதினி கடைசியில் சோற்றை மூடி வைத்துவிட்டு வந்து நடையில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மேல் தண்ணீர் மறுமுனைக்கு வந்தது. பையன் கைதட்டவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. நடுத்தூணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அது இல்லாமலும் நிற்குமா என்று பார்க்கத் தொடங்கிவிட்டான்.