படுதாவுக்குத் தமிழ் என்ன?

தருமபுரி கடைத்தெருவில் மேற்குப் பார்த்த கடை என்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் படுதா இறங்கிவிடும். மாங்காய் லோடு ஏற்றிய லாரியின் மேல் இழுத்துக் கட்டுவதும் படுதாதான். கோழிப்பண்ணையின் பக்கவாட்டில் தொங்குவதற்கும் அதே பெயர். வெயில், மழை, பார்வை மூன்றில் எதைத் தடுத்தாலும் சரி, துணியோ பிளாஸ்டிக்கோ தொங்கினால் அது படுதா. வீட்டுத் தாழ்வாரத்தில் கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகிற மாதிரி நாமே ஒன்று செய்து மாட்டினால், அதையும் ஊர்க்காரர்கள் படுதா என்றுதான் சொல்வார்கள். கடையில் வாங்கி மாட்டினால் மட்டும் பிளைண்ட்ஸ் ஆகிவிடுகிறது!

படுதா தமிழ்ச்சொல் இல்லை. பாரசீகத்தில் பர்தா என்றால் திரை. உருது வழியாக அது தமிழுக்கு வந்து, 'ர்த' நம் நாக்கில் 'டுத' ஆகிவிட்டது. ஓசூர்ப் பக்கம் இதைக் காதாலேயே கேட்கலாம்: தெலுங்கு பேசுபவர் பரதா என்பார், கன்னடம் பேசுபவர் பரதெ என்பார், தமிழர் படுதா என்பார். மூன்றும் ஒரே சொல். வேடிக்கை என்னவென்றால், பர்தா இரண்டாம் முறையும் தமிழுக்குள் வந்தது. அந்த முறை உருமாறாமல் முஸ்லிம் பெண்கள் அணியும் உடைக்குப் பெயராக நின்றுவிட்டது.

பழந்தமிழில் படம், படாம் என்றால் துணி. படுதா அதிலிருந்துதான் வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் நிற்கும் 'தா' எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. பர்தாவில் இருக்கிறது.

தார்ப்பாயின் கதை இன்னும் சுவையானது. டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லில் முன்பாதி தார், பின்பாதி போர்த்தும் துணி. தண்ணீர் இறங்காமலிருக்கத் தார் பூசிய கித்தான் அது, கப்பல்காரர்களின் சாமான். தமிழன் காதில் 'பாலின்' பாயாக விழுந்திருக்கிறது. பாய் என்றால் நமக்குப் படுக்கும் பாய் மட்டுமா? பாய்மரத்தில் விரிக்கும் துணியும் பாய்தான். ஆக, கப்பல் துணிக்குக் கப்பல் பாயின் பெயரே தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு விற்கும் நீல நிறத் தார்ப்பாயில் சொட்டுத் தார்கூடக் கிடையாது.

தட்டி நம்முடைய சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும்கூடத் தட்டி என்றே இருக்கிறது. ஆனால் அது மூங்கிலிலோ ஓலையிலோ முடைந்து விறைப்பாக நிற்பது. தண்ணீர் தெளித்து வைக்கும் வெட்டிவேர்த் தட்டியைச் சுருட்ட முடியாது. எனவே கயிறு இழுத்தால் சுருளும் நம் சாமானுக்கு இந்தப் பெயர் உதவாது.

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் எடுத்து வைப்பது எழினி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடரங்கத்துக்கு மூன்று எழினிகள் சொல்லப்படுகின்றன: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. முதல் இரண்டும் பக்கவாட்டில் இழுபடுபவை. மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது. உரைகாரர்கள் முன்னவற்றை உருவுதிரை என்றும் பின்னதை மேற்கட்டுத்திரை என்றும் விளக்கினார்கள். சொல் அழகானதுதான். ஆனால் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, மண்ணில் எழினி என்றால் முதலில் ஆள் பெயர்தான் நினைவுக்கு வரும். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. தாழ்வாரத்தில் எழினியை இறக்கு என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், யாரை என்று கேட்பார்கள்.

எனக்குத் திரை போதும். நரை திரை மூப்பு என்கிறோமே, அந்தத் திரை தோல் சுருக்கம். கடலில் எழும் திரை அலை. வேட்டியைத் திரைத்துக் கட்டினான் என்றால் சுருக்கி ஒதுக்கிக் கட்டினான் என்று பொருள். மடிதல், சுருங்குதல், சுருளுதல் எல்லாமே இந்த வேரில் கிடக்கின்றன. தொங்குகிற துணிக்கு அதனால்தான் இந்தப் பெயர் பொருந்துகிறது. சும்மா மறைப்பதோடு நில்லாமல், ஒதுக்கவும் கூடிய மறைப்பு அது. தெருக்கூத்தில் வேடம் கட்டி வருபவர் முன் இரண்டு பேர் பிடிக்கும் துணிக்கு இன்றும் திரை என்றுதான் பெயர். அதன் பின்னால் நின்று பாடுவது திரை விருத்தம். மேடை நாடகம் வந்த பிறகுதான் படுதா விழ ஆரம்பித்தது.

சரி, கயிறு இழுத்தால் சுருளும் திரைக்கு என்ன பெயர்? உருளைத்திரை என்று சிலர் எழுதுகிறார்கள். அது மேலே ஒரு குழாயைப் பொருத்தி, அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் துணியைச் சுற்றிக்கொள்ளும் சாதனத்துக்குச் சரி. நாம் செய்வது வேறு. மேலே ஒரு ரீப்பர் கட்டையில், அதாவது நீளமான மெல்லிய மரச்சட்டத்தில், துணியை ஆணி அடித்து நிறுத்துகிறோம், கீழ் ஓரத்தில் பிவிசி குழாயைக் கோக்கிறோம். கயிற்றின் ஒரு முனை துணிக்குப் பின்னால் ரீப்பரில் முடிச்சு. அங்கிருந்து பின்பக்கமாக இறங்கி, குழாய்க்கு அடியில் வளைந்து, முன்பக்கமாக ஏறி, மேலே உள்ள வளையத்திலோ கப்பியிலோ நுழைந்து ஓரத்துக்குப் போகிறது. இப்படி இடமும் வலமும் ஒவ்வொன்று. இரண்டும் ஒரே பக்கம் வந்து சேரும். இழுத்தால் குழாய் தானே உருண்டு துணியைத் தன்மேல் சுற்றிக்கொண்டு ஏறும். குழாயே நகரும் கப்பியாக வேலை செய்வதால் கைக்குப் பாதி பாரம்தான் தெரியும். அதற்குக் கூலியாக இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும்: ஆறடி ஏற்றப் பன்னிரண்டு அடி. நாலடி அகலத் திரையில் தூரத்துக் கயிறு மட்டும் இறங்க ஆறு, ஏற ஆறு, குறுக்கே நாலு என்று பதினாறு அடி தின்றுவிடும். கைக்குத் தொங்க வேண்டியது தனி. ஏற்றியபின் குவியும் கயிற்றைப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதபடி உயரத்தில் இரண்டு ஆணி அடித்துச் சுற்றிவிடுங்கள்.

குழாய் மேலே நிலையாக நிற்காமல் கீழே இருந்து சுருட்டிக்கொண்டு வருவதால், இதற்குச் சுருள்திரை என்பதே பொருத்தம். கயிறு இழுகயிறு. எழுத்தில் இவை போதும். பேச்சில், கடைக்காரரிடம், சுருட்டுற மாதிரி படுதா என்றால் புரிந்துவிடும்.

துணிக்குப் பதில் பச்சை நெட் போடுபவர்களுக்கு ஒரு சொல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஓசூர், தளி பக்கத்துப் பூ விவசாயிகளுக்குத் தோட்டக்கலைத் துறை வழியாகப் பழகிய நிழல்வலைக்குடில் என்ற சொல்லில் பாதியை எடுத்துக்கொண்டால் நிழல்வலை. அரசாங்கம் ஆக்கிய சொற்களில் வாயில் நுழைகிற சொல். வலையில் 50, 75 என்று போட்டிருப்பது எத்தனை சதவீத வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கு. மேற்குத் தாழ்வாரத்துக்கு 75 நல்லது. வலைக்குள் காற்று புகுந்து போவதால் ஆடி மாதத்தில் தார்ப்பாய் அளவுக்கு அடித்துக்கொள்ளாது. அப்படியும் கீழ்க் குழாயின் இரு முனையையும் தூணோடு கட்டத்தான் வேண்டும்.

கோழிப்பண்ணைப் படுதா மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலும் அதன் கீழ் ஓரம் சுவரோடு நின்றுவிடும், மேல் ஓரம்தான் கயிற்றில் ஏறி இறங்கும். குளிர்காற்று கோழிகள்மேல் நேராக அடிக்காமல் தலைக்கு மேலே போவதற்காக அந்த ஏற்பாடு. சுருள்வது அங்கே இல்லை. அது படுதாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.