லினக்ஸ் சர்வருக்கு ஆபத்து பெரும்பாலும் நம் லேப்டாப்பில்தான்

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ், நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் எல்லாமே லினக்ஸ். ஏதாவது படுத்துவிட்டால் "யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கையாலேயே படுத்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

விண்டோஸில் ரைட் கிளிக் செய்தால் மெனு வரும். சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க நான் பயன்படுத்தும் புட்டி என்ற நிரலில் வராது. கிளிப்போர்டில் இருப்பதை அப்படியே கொட்டிவிடும். ஒருநாள் ஏழெட்டு வரிக் குறிப்பு ஒன்றைக் காப்பி செய்து வைத்திருந்தேன். நடுவில் டேட்டாபேஸை நிறுத்தும் கட்டளை. பழக்கதோஷத்தில் மெனு வரும் என்று நினைத்து வலது பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு வரி முடிவும் ஒரு என்டர்தானே, வரிசையாக ஓடி முடிந்தது. டெஸ்ட் சர்வர்தானே என்று நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலின் தலைப்பில் லைவ் சர்வரின் பெயர். சர்வரில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான பாஷின் புதிய பதிப்புகள் பல வரிகளை ஒட்டினால் என்டருக்காகக் காத்திருக்கும். பழைய சர்வர்களில் அந்தக் கருணை கிடையாது. அன்றிலிருந்து லைவ் சர்வர் ஜன்னல்களுக்குக் கருஞ்சிவப்புப் பின்னணி வைத்திருக்கிறேன். புட்டியில் செஷனுக்கு ஒரு நிறம் என்று சேமித்துக்கொள்ளலாம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் கை தானாகவே நிதானிக்கிறது.

அடுத்தது சத்தமே போடாத வில்லன். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு எழுத்துகள், லினக்ஸில் ஒன்றுதான். நோட்பேடில் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றினால், எந்த நிரலில் ஓட்ட வேண்டும் என்று முதல் வரியில் இருக்கும் பாஷின் பெயரோடு, அந்தக் கூடுதல் எழுத்தான, கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்னும் ஒட்டிக்கொண்டு போகும். அந்தப் பெயரில் ஒரு நிரலும் இல்லை என்பதால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலையே 'அப்படி ஒன்று இல்லை' என்று சர்வர் சாதிக்கும். நாமே ஓட்டினால் பிழைச் செய்தியாவது தெரியும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருந்தால் பேக்கப் ஓடவில்லை என்பதே, பேக்கப் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். டாஸ்டுயூனிக்ஸ் என்ற சின்னக் கருவி ஒரு நொடியில் சரிசெய்துவிடும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்பை மாற்றும்போது பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டாம் தடவை மறப்பதில்லை.

இவற்றைவிட எனக்குப் பயம், பாஸ்வேர்டுக்குப் பதிலாக சர்வருக்குள் நுழையப் பயன்படும் சாவி ஃபைல் விஷயத்தில்தான். 2024 ஏப்ரலில் புட்டியில் ஒரு ஓட்டை வெளியானது. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் 521 பிட் ஈசிடிஎஸ்ஏ என்ற வகைச் சாவியைப் பயன்படுத்தியிருந்தால், நுழையும்போது அது போட்ட அறுபது டிஜிட்டல் கையெழுத்துகள் கிடைத்தாலே போதும், ரகசியச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். 0.81இல் சரிசெய்துவிட்டார்கள். பலரும் அதை நிறுவியதோடு 'அப்பாடா' என்று இருந்துவிட்டார்கள். பழைய சாவி கசிந்திருந்தால் புதிய புட்டி என்ன செய்யும்? எந்தெந்த சர்வரில் அந்தச் சாவிக்கு அனுமதி இருக்கிறதோ, அங்கெல்லாம் போய், அனுமதிப் பட்டியலான ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்தச் சாவிக்கான வரியை அழிக்க வேண்டும். நான் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து, யாரும் தொடாத ஒரு மானிட்டரிங் சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்தப் பழைய வரி அப்படியே உட்கார்ந்திருந்தது.