கட்டிலில் கிடத்துவது கவனிப்பு ஆகாது

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம், இடது கால் தொடை வரை வீங்கி வந்தார். "கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை, டாக்டர்" என்றார் மருமகள், பெருமையோடு. வலித்த காலுக்குத் தைலம் தேய்த்து நீவியும் விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால், தொடைச் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் தேங்கி இப்படி உறையலாம். ஆரணி, ஆம்பூர், போளூர் என்று ஊர்தான் மாறுகிறது; கதை மாறுவதே இல்லை.

நடந்தால் தையல் விட்டுப்போகும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! நாங்கள் தைப்பது தோலை மட்டுமல்ல. அதற்கு உள்ளே, தசையை மூடியிருக்கும் கெட்டியான உறையைப் பலமான நூலால் தனியாகத் தைக்கிறோம். கழிப்பறைக்கும் வாசலுக்கும் நடப்பதால் அது பிரியாது. பிரியுமென்றால் மறுநாளே உங்களை எழுப்பி நடக்க வைப்போமா? கூடாதது பளு: தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, இடுப்பில் பேரக்குழந்தை. பச்சை உடம்புக்காரியைப்போல் படுக்கவைக்கிறோம் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் படுத்தே கிடப்பது நல்லதல்ல. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்குமாம். வேலூர் வெயிலில் இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடுகிறார்கள்! உடம்பில் நீர் வற்றினாலும் ரத்தம் எளிதில் உறையும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, தாராளமாகக் குடியுங்கள்.

அடுத்து, ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் போடும் ஏனாக்ஸாபரின் ஊசி. புற்றுநோய்க்காக வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் 28 நாட்களுக்கு எழுதிக்கொடுக்கிறோம். தையல் பிரித்ததும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். தையலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீடு திரும்பிய பிறகும் ரத்தம் உறையலாம். விலைதான் தடை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், சிலருக்கு மாத்திரையாக மாற்ற வழி உண்டு. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. வார்டு நர்ஸிடம் கேட்டால் உங்கள் மகனோ மகளோ எளிதில் கற்றுக்கொள்வார்கள். இதற்காகத் தினமும் பஸ் ஏற வேண்டியதில்லை. ரத்தக் கசிவு தெரிந்தால் மட்டும் உடனே தெரிவியுங்கள்.

ஊர் திரும்பும் வழியில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்கால் வலித்தாலோ, நீவாதீர்கள். அன்றே வாருங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்; 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள், தயவுசெய்து.