கிழிந்த முழங்கையும் 56 பந்துகளும்

2010 ஆகஸ்ட் 21, பிலடெல்பியா. வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு சேஞ்ச்-அப், அதாவது வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து, வீசிவிட்டு முகத்தைச் சுளித்தபடி வலது கையை உதறினார். யாரும் மோதவில்லை, அவர் விழவும் இல்லை. வயது 22. ஜூன் மாதம்தான் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் தன் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்-அவுட் (அடிப்பவரைத் தன் வீச்சாலேயே வெளியேற்றுவது) எடுத்து, பேஸ்பால் பார்க்கிற எல்லோரையும் தன் பக்கம் திருப்பியிருந்தார். அந்த உதறலுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் முழங்கையின் உட்புற லிகமென்ட் கிழிந்திருப்பது தெரிந்தது.

கையை மடக்கி, முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரன்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதே இடம்தான். அங்கிருந்து முன்கை எலும்புக்குப் போகும் சின்னப் பட்டைதான் இந்த லிகமென்ட், தமிழில் இணைநார். முழங்கை பக்கவாட்டில் பிளந்துவிடாமல் பிடித்து வைப்பது இதன் வேலை.

பிட்சர் கையைப் பின்னால் சாய்த்து வீசத் தொடங்கும்போது மேல்கை முன்னோக்கிச் சுழல ஆரம்பித்துவிடும், ஆனால் முன்கையும் பந்தும் இன்னும் பின்னாலேயே இருக்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்த திருப்புவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். மடக்கிய கையின் உள்ளங்கையில் ஏறக்குறைய 20 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டு முழங்கையை வெளிப்பக்கமாகத் திருகுவதற்குச் சமம். இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது இந்த இணைநார் மட்டும் அதில் பாதி அளவிலேயே அறுந்துவிட்டது. மீதியைச் சுற்றியுள்ள தசைகள் தாங்குகின்றன. தசை களைத்துப்போனால் பாரம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கணம் தோள் நொடிக்கு 7000 டிகிரி வரை சுழல்கிறது. அதே வேகம் ஒரு முழு நொடி நீடித்தால் 19 சுற்றுக்கும் மேல்!

1974 வரை இது கிழிந்தால் பிட்சரின் ஆட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். அந்த செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற இடதுகை பிட்சருக்கு ஒரு புது வழியை முயன்றார். வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பட்டை) எடுத்தார், இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டார், அதன் வழியே தசைநாணைக் கோர்த்துக் கட்டினார். மீண்டும் வீசும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பது ஜோப்பின் கணிப்பு. டாமி ஜான் 1976ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார், அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். அறுவை சிகிச்சைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எடுத்த தசைநாணை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் கயிறு போல ஒன்று எழும்புகிறதா? அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது, இல்லாவிட்டாலும் கை வழக்கம் போலவே வேலை செய்யும். அதனால்தான் துணிந்து எடுக்கிறார்கள்.

சரி, கட்டி முடித்த பிறகு ஏன் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது? தசைநாண் தசையை எலும்போடு கட்டுவதற்கு உண்டானது, இணைநார் எலும்பை எலும்போடு கட்டுவது. இடம் மாறியதும் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதலில் அது பலவீனமாகிறது, அப்புறம் புதிய ரத்தக்குழாய்கள் நுழைகின்றன, செல்கள் குடியேறுகின்றன, உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் விசை வரும் திசைக்கு ஏற்ப மெல்ல வரிசையாகின்றன. இந்த மாற்றத்துக்குக் குறுக்குவழி இல்லை. அவசரப்பட்டால் புதிதாகக் கட்டியதும் அறுந்துவிடலாம்.

ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 2010 செப்டம்பர் 3ல் அறுவை சிகிச்சை நடந்தது. மறு ஆகஸ்டில் சிறிய லீக் ஆட்டங்களில் வீசிப் பார்த்துவிட்டு, 2011 செப்டம்பர் 6ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக வாஷிங்டனில் மறுபடி இறங்கினார். ஐந்து இன்னிங்ஸில் 56 பந்து, இரண்டே ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டுவது), நான்கு ஸ்ட்ரைக்-அவுட், ரன் எதுவும் கொடுக்கவில்லை. எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னை அசத்தியது வேறு: ஒரு வாக் கூடக் கொடுக்கவில்லை, அதாவது குறி தவறிய நான்கு பந்துகளால் யாரையும் இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பவில்லை. வேகம் கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து தருவது. இணைநார் மூட்டைப் பிடித்து வைக்கிறதே தவிர வேகத்தை உண்டாக்குவதில்லை, அதனால் இந்த அறுவை சிகிச்சை செய்தால் வேகம் கூடும் என்று சில பெற்றோர்கள் நம்புவது தப்பு. ஒரு வருடம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவனுக்கு உடம்பு தேறியிருக்கும், அவ்வளவுதான். நினைத்த இடத்தில் பந்தைப் போடும் கட்டுப்பாடுதான் பெரும்பாலும் கடைசியில் திரும்பும்.

அடுத்த வருடம் அணி பிளே-ஆஃபை (கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்) நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 159⅓ இன்னிங்ஸோடு (மூன்றில் ஒன்று என்பது ஓர் அவுட்) அந்த சீசனில் அவர் வீசுவதை நிறுத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த எண்ணிக்கைக்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் 24 வயதுக்காரனின் கைக்காகக் கோப்பையைத் தள்ளிவைத்தது எனக்குப் பிடித்த முடிவு. 2019ல் நேஷனல்ஸ் வேர்ல்ட் சீரிஸை, அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடரை, ஜெயித்தபோது தொடரின் சிறந்த வீரர் விருது ஸ்ட்ராஸ்பர்க்குக்கு. பிற்பாடு அவரை ஆட்டத்திலிருந்து விலக்கியது கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்பு நெரிபடும் பிரச்சினை. முழங்கையில் இரண்டாவது டாமி ஜான் அறுவை சிகிச்சை அவருக்குத் தேவைப்படவே இல்லை.